பச்சை முத்திரையின் யோக்கியதை

கொஞ்ச காலமாய் நம் பட்டணத்துத் துணிக்கடைகளிலும் சாமான் கடைகளிலும் ஒரு புது முத்திரை உலவி வருகின்றது. ஒரு பச்சை இலையின் படம்; அதன் கீழ் “சுற்றுச்சூழலுக்கு நண்பன்” என்றோ, “பூமிக்கு இதமானது” என்றோ, “இயற்கையானது” என்றோ நாலு எழுத்து. பனியனுக்கும் இந்த இலை. செருப்புக்கும் இந்த இலை. பல் விளக்கும் பிரஷுக்கும், தோளில் மாட்டும் பைக்கும் இதே இலை. இலையை ஒட்டினவுடன் சரக்கின் விலை ஏறிவிடுகின்றது. வாங்கிக்கொண்டு போகிறவருக்கோ, சாமான் வாங்கினதோடு ஏதோ கொஞ்சம் புண்ணியமும் சேர்த்து வாங்கினோம் என்கிற திருப்தி உண்டாகிவிடுகின்றது.

இந்தப் புண்ணியத்திற்கு ருசு என்ன என்பதுதான் நமது கேள்வி.

ஆறு கெடுவதும், காற்று கெடுவதும், பூமி சூடேறுவதும் கட்டுக்கதை என்று சொல்ல நாம் வரவில்லை. அவை கண்ணால் பார்க்கக்கூடியவை, கருவியால் அளக்கக்கூடியவை. ஆனால் வியாதி நிஜம் என்பதினாலேயே சந்தையில் விற்கிற மருந்தெல்லாம் நிஜமாகிவிடாது. வியாதி எவ்வளவு நிஜமோ அவ்வளவுக்குப் போலி மருந்துக்காரனுக்கும் கிராக்கி உண்டு. ஐரோப்பியக் கமிஷனார் 2020-ம் வருஷத்தில் இம்மாதிரி 150 விளம்பர வாசகங்களை எடுத்துப் பரிசோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் 100-க்கு 53 தெளிவில்லாததாகவோ, ஏமாற்றுவதாகவோ, ஆதாரமற்றதாகவோ இருந்ததாகவும், 100-க்கு 40-க்கு எவ்விதச் சான்றுமே காட்டப்படவில்லை என்றும் கண்டார்கள். சட்டமும் பரிசோதனைச் சாலையும் நிறைந்த ஐரோப்பாவிலேயே இந்தக் கதியென்றால், எழுதினதை அப்படியே நம்பிப் பழகிப்போன நம் நாட்டைப் பற்றி நாம் என்னவென்று சொல்லுவது!

மூங்கில் துணி என்று ஒன்று விற்கிறார்கள் அல்லவா? மூங்கில் சீக்கிரம் வளருகிறது, பூச்சி மருந்து கேட்பதில்லை, ஆகவே அந்தத் துணி பரிசுத்தமானது என்பது விளம்பரம். மூங்கில் சீக்கிரம் வளருவது வாஸ்தவம். ஆனால் மூங்கிலைப் பிளந்து யாரும் அந்தத் துணியை நெய்யவில்லை. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடு என்னும் விஷ திரவத்திலும் கரைத்து, அந்தப் பாகைச் சல்லடை போன்ற சிறு துவாரங்கள் வழியாய் அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி இழையாக்குகின்றார்கள். இதற்கு ஏற்கனவே ஒரு பெயர் உண்டு. அதுதான் ரேயான். மூங்கில் கூழானாலும் சரி, தைல மரக் கூழானாலும் சரி, தொட்டியிலிருந்து வெளியே வருகிறபோது எல்லாம் ஒன்றே. அந்த விஷ திரவமோ, ஆலையில் வேலை செய்யும் தொழிலாளியின் நரம்பையும் இருதயத்தையும் கெடுத்து, புத்தியைக்கூடப் பேதலிக்கச் செய்யவல்லது என்பது நூறு வருஷத்திற்கு மேலாய் வைத்தியர்கள் அறிந்த சங்கதி.

நம் ஜில்லாக்காரர்களுக்கு இதைத் தூரதேசத்துச் செய்தியாய்ச் சொல்ல வேண்டியதில்லை. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றில் கலந்ததும், 1990-களில் விவசாயிகள் அதை எதிர்த்துக் கிளம்பியதும் கோவை, ஈரோடு பக்கத்தாருக்கு இன்றும் ஞாபகமிருக்கும். அந்த ஆலையும் மரக்கூழில் இருந்துதான் நூல் எடுத்தது. அன்றைக்கு யாராவது அந்த நூலுக்கு இலைப்படம் ஒட்டியிருந்தால் பவானித் தண்ணீர் தெளிந்திருக்குமா?

அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2009-லேயே இந்த மூங்கில் பேச்சைப் பிடித்துக்கொண்டது. ரேயானை ரேயான் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வியாபாரிகளை எச்சரித்தது. கேட்கவில்லை. 2013-ல் அமேசான், மேசீஸ், சியர்ஸ் முதலிய பெரிய கடைக்காரர்களிடம் 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர் வாங்கியது. அப்புறமும் நின்றபாடில்லை. 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் என்கிற இரண்டு கம்பெனிகளிடமிருந்து மட்டும் 55 லட்சம் டாலர் அபராதமாகிவிட்டது. அபராதம் கட்டிக்கூட ஒரு பொய்யை விற்கலாம் என்றால் அந்தப் பொய்யில் எவ்வளவு லாபமிருக்க வேண்டும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

(இந்த மூங்கில் பிரஷ் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். கைப்பிடி மூங்கில், பல்லில் படுகிற மயிர் பெரும்பாலும் நைலான். வேப்பங்குச்சியையும் அடுப்புக்கரியையும் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று நம் பாட்டன்மாரிடம் கேலி செய்து பற்பசை விற்ற அதே வியாபாரம், இன்றைக்கு வேப்பிலை, கரி என்று பெயர் போட்டு பிளாஸ்டிக் குழாயில் அடைத்து நம்மிடம் விற்கிறது. இதில் யார் முன்னேறினார்கள் என்று நமக்கு விளங்கவில்லை.)

“இயற்கை” என்கிற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இயற்கையானது எல்லாம் நல்லது என்பதைப் போன்ற மூடநம்பிக்கை வேறொன்றில்லை. அரளி விதை இயற்கை, எட்டிக்காய் இயற்கை, பாம்பின் விஷமும் இயற்கைதான். இலையிலும் பட்டையிலும் எடுக்கிற சாயம் துணியில் நிற்பதற்குப் படிகாரமோ, இரும்பு உப்போ வேண்டியிருக்கிறது. சில இடங்களில் செம்பு உப்பும், குரோமிய உப்பும்கூடச் சேர்க்கிறார்கள். எதைச் சேர்த்தான், எவ்வளவு சேர்த்தான், மிச்சத்தை எங்கே ஊற்றினான் என்று கேட்க வேண்டுமேயல்லாது, இயற்கை என்று சொன்ன மாத்திரத்தில் வாயை மூடிக்கொள்ளுவது பகுத்தறிவாகாது.

சரி, மூங்கிலை விட்டுப் பருத்திக்கு வருவோம். பூச்சி மருந்தும் செயற்கை உரமும் போடாமல் விளைந்த பருத்தி என்று சான்றுச் சீட்டோடு விற்பனையாகிறது. இதில் யோக்கியமாய்ப் பாடுபடுகிற விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சீட்டின் சங்கதி வேறு. இவ்வகைத் துணிக்கு உலக முழுவதற்கும் தரம் வகுத்திருக்கிற “காட்ஸ்” என்கிற ஸ்தாபனத்தாரே 2020-ம் வருஷம் அக்டோபரில், இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்றுகள் தயாராகியிருந்ததைக் கண்டுபிடித்ததாக வெளியிட்டார்கள். 20,000 டன் என்பது 2 கோடி கிலோ! சீட்டைப் பார்த்து அதிகக் கிரயம் கொடுத்தவன் ஏமாந்தான்; மருந்தடிக்காமல் நஷ்டப்பட்டு விளைவித்த விவசாயி, பொய்ச் சீட்டுக்காரனோடு போட்டியிட்டு நொந்தான்; நடுவில் சீட்டு எழுதினவன் மாத்திரம் கெடவில்லை.

சீட்டு நிஜமாகவே இருந்தாலும் அது எது வரையில் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். “மருந்தடிக்காத பருத்தி” என்று மட்டும் எழுதியிருந்தால் அது காட்டோடு நின்றுவிட்டது. காட்டிலிருந்து வந்த பருத்தி நூலாகி, துணியாகி, வெளுத்து, சாயமேறி, தைக்கப்பட்டல்லவா நம்மிடம் வருகிறது? நம் ஊர்ப் பக்கத்தில் நாசமெல்லாம் நடந்தது அந்த நடுவழியில்தான்.

நொய்யலாறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியாய் ஓடி, கரூர்ப் பக்கம் காவிரியில் சேருவது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. பருத்தியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் உப்பைக் கொட்ட வேண்டும். துணியில் ஏறினது போக மிச்சச் சாயமும், கொட்டின உப்பும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும். நிறத்தையாவது கண் காணும். உப்பு கண்ணுக்குத் தெரியாது. அது மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறி, பயிர் கருகின பிறகுதான் தன்னை அறிவித்துக்கொள்ளும். பாசனத்திற்கென்று ஒரத்துப்பாளையத்தில் சர்க்கார் கட்டின அணை 1992-ல் முடிந்தது. அணை நிரம்பினது மழைத் தண்ணீரால் மாத்திரமல்ல. சாயக் கழிவாலும் நிரம்பிற்று. அணைத் தண்ணீருக்குச் சண்டையிடுகிற விவசாயியைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயி கெஞ்ச வேண்டியதாயிற்று!

நஷ்டம் கணக்கிட ஏற்பட்ட அதிகார ஸ்தாபனம் 2004-ல், 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 8,700 ரூபாய்கூட ஆகவில்லை. உப்பேறிப்போன ஒரு கிணற்றுக்கு இந்நாட்டில் வைத்த விலை அது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் கெடுத்தவர்களே பணம் கொடுக்க வேண்டும் என்பதை ஊர்ஜிதம் செய்தது. அதன் பின்னும் கழிவு நிற்காததால் 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் ஒரேயடியாய் மூடச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம், ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக் கூடாது என்கிற நிபந்தனையின் பேரில், நீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் பொது நிலையங்களைக் கொண்டு தொழில் நடக்கிறது. இது பெரிய காரியம். இதைச் செய்துகாட்டினவர்களை நாம் பாராட்டவே செய்வோம். ஆனால் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரமும் எரிபொருளும் செலவாகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாய் மிஞ்சுகிறது. அழுக்கு மறைந்துவிடவில்லை, உருவம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இலைப்படத்தில் இந்த மூட்டைக்கு இடமில்லை.

இதில் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அந்த வழக்கில் ஒரு பக்கம் விவசாயி நின்றான். ஒரு பக்கம் சாயப்பட்டறைக்காரர் நின்றார். நடுவில் சர்க்கார் நின்றது. பட்டறைகள் மூடியபோது வேலையிழந்த தொழிலாளி தெருவில் நின்றான். ஆனால் அந்த பனியன் யாருக்காகச் சாயமேற்றப்பட்டதோ, காலணா குறைத்தால்தான் ஆர்டர் என்று யார் விலையை அடித்து அடித்துப் பேசினார்களோ, அந்த வெளிநாட்டுப் பெரிய கடைக்காரர் எந்தக் கோர்ட்டிலும் பிரதிவாதியாய் ஆஜராகவில்லை. அவர் ஸ்டாக்ஹோமிலோ, லண்டனிலோ தன் கடைக் கண்ணாடியில் பச்சை இலை ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவர் சுத்தம்; திருப்பூர் அசுத்தம்! அழுக்கை உண்டாக்கிவிட்டு விலகி நிற்கிறவன் சுத்தமானவன், அந்த அழுக்கில் கை வைத்து வேலை செய்கிறவன் அசுத்தமானவன் என்கிற கணக்கு நமக்குப் புதிதா? துணி வெளுத்தவனைத் தீண்டாமல் வைத்து, அவன் வெளுத்த துணியை உடுத்திக்கொண்டு மடி ஆசாரம் பேசின நாடல்லவா இது! அந்தப் பழைய கணக்கையே இப்போது கப்பலில் ஏற்றி உலகமெல்லாம் விரித்திருக்கிறார்கள்.

அந்தக் கடைக்காரர்கள் அளக்காமல் இல்லையே, தராசு வைத்திருக்கிறார்களே என்று சிலர் சொல்லலாம். வைத்திருக்கிறார்கள். வால்மார்ட், படகோனியா முதலிய கம்பெனிகள் சேர்ந்து கூட்டுச் சங்கம் அமைத்து, “ஹிக் இண்டெக்ஸ்” என்று ஒரு அளவையை ஏற்படுத்தினார்கள். அதில் பட்டும், பருத்தியும், கம்பளியும் மோசமென்றும், மண்ணெண்ணெயின் உறவான பாலியெஸ்டர் அவற்றைவிட மேலென்றும் மார்க்கு விழுந்தது. எப்படியென்றால், துணி ஆலையை விட்டு வெளியே வருகிற வரையில்தான் அந்தக் கணக்கு. துவைக்கும்போது பாலியெஸ்டரிலிருந்து உதிருகிற பிளாஸ்டிக் துகளும், அது மக்காமல் கிடக்கிற காலமும் கணக்கில் வரவில்லை. சரக்கை விற்கிறவனே தராசும் செய்து, எதை எடை போடுவது என்பதையும் அவனே தீர்மானித்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? நார்வே தேசத்து நுகர்வோர் அதிகாரிகள் 2022 ஜூனில், இந்த அளவையைக் காட்டிச் சட்டை விற்பது ஜனங்களை ஏமாற்றுவதாகும் என்று சொல்லிவிட்டார்கள். உலக சராசரிக் கணக்கு ஒன்றைக் காட்டி, இந்தக் குறிப்பிட்ட சட்டை நல்லது என்று சொல்ல ருசு இல்லை என்பது அவர்கள் காரணம். அதே வருஷம் செப்டம்பரில் ஹாலந்து அதிகாரிகள் விசாரித்ததின் பேரில், எச் அண்ட் எம் கம்பெனியார் 5 லட்சம் யூரோவும், டெக்கத்லான் கம்பெனியார் 4 லட்சம் யூரோவும் தர்மத்திற்குக் கொடுத்து, வாசகங்களையும் திருத்திக்கொள்ளுவதாய் ஒப்புக்கொண்டார்கள்.

பழைய பாட்டிலை உருக்கிச் செய்த சட்டை என்பதும் இப்போது பிரபலம். பாட்டிலைப் பாட்டிலாகவே திரும்பத் திரும்ப உருக்கலாம். அதைச் சட்டையாக்கிவிட்டால் பெரும்பாலும் அதுவே அதன் கடைசிப் பிறவி. எல்லன் மக்ஆர்தர் அறக்கட்டளையார் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, பழந்துணியிலிருந்து மறுபடி துணியாகிறது 100-க்கு 1 கூட இல்லை. அதே கணக்கில்தான், 15 வருஷத்திற்குள் உலகத்தில் துணி உற்பத்தி ஏறக்குறைய இரட்டித்துவிட்டதென்றும், ஒரு துணியை உடுத்துகிற தடவை 100-க்கு 36 குறைந்துவிட்டதென்றும் கண்டிருக்கிறது. நம் அபிப்பிராயத்தில் விஷயத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. எந்த நூல் என்பதைவிட எத்தனை நாள் உடுத்தினாய் என்பதே பெரிய கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியைக் கடைக்காரன் ஒருநாளும் கேட்கமாட்டான். கேட்டால் அடுத்த சட்டை எப்படி விற்கும்?

பைச் சங்கதியும் இதுவே. டென்மார்க் சர்க்கார் 2018-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டது. கடையில் கொடுக்கிற சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால், பூமி சூடாவதை மாத்திரம் கணக்கிட்டாலும், பருத்திப் பையை 52 தடவையும், மருந்தடிக்காத பருத்திப் பையை 149 தடவையும் உபயோகிக்க வேண்டுமென்று அதில் கண்டது. (ஓசோன் முதலான எல்லா அம்சங்களையும் சேர்த்தால் 20,000 தடவை என்றும் ஒரு எண் அதில் உண்டு. பிளாஸ்டிக் வியாபாரிகள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு கூத்தாடுகிறார்கள். பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் சேருவதும் அந்த ஆராய்ச்சியில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை என்பதை அவர்கள் சொல்லுவதில்லை.) 52 தடவை என்பது வாரம் ஒரு சந்தை வீதம் ஒரு வருஷம். நம் தாய்மார்கள் ஒரு மஞ்சப்பையைக் கிழிந்து நூலாகிற வரையில் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு இது ஒரு கணக்கே அல்ல. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் ஆரம்பித்தது நல்ல காரியம். ஆனால் கலியாணத்திற்குக் கலியாணம் தாம்பூலத்தோடு ஒரு துணிப்பை கொடுத்து, அதில் மாப்பிள்ளை பெண் பெயரை அச்சடித்து, வீட்டு பீரோவில் 40 பை மடித்து வைத்திருக்கிறோமே, அது பிளாஸ்டிக்கைவிட எந்த விதத்தில் மேல்?

நம் பக்கத்துப் பொய்யையும் சொல்லித்தான் தீர வேண்டும். உலகத்தில் எண்ணெய்க்கு அடுத்தபடி அதிகமாய் அசுத்தம் செய்வது துணித் தொழில்தான் என்று சூழல் அபிமானிகள் மேடைக்கு மேடை பேசி வந்தார்கள். எங்கிருந்து வந்தது அந்தக் கணக்கு என்று சிலர் தேடிக்கொண்டு போனதில், ஒருவரைப் பார்த்து ஒருவர் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் அகப்படவில்லை. நல்ல நோக்கத்திற்காகச் சொன்னாலும் ஆதாரமில்லாதது ஆதாரமில்லாததுதான். முதலாளியின் இலையை உரைத்துப் பார்க்கிறவர்கள் தங்கள் எண்ணையும் உரைத்துப் பார்க்க வேண்டாமா?

“அப்படியானால் எல்லாம் மோசமென்று கண்டதையும் வாங்கு என்கிறீர்களா?” என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. அல்ல. வித்தியாசம் உண்டு. கழிவை ஆற்றில் விடுகிற பட்டறையும் விடாத பட்டறையும் ஒன்றல்ல. காடு முதல் தையல் வரை பார்க்கிற சான்றும், கம்பெனிக்காரன் தானே அச்சடித்துக்கொண்ட இலையும் ஒன்றல்ல. வித்தியாசமிருப்பதினாலேயே அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்கின்றோம். 1991-லேயே இந்திய சர்க்கார் “ஈக்கோமார்க்” என்று மண்பானைச் சின்னம் போட்ட ஒரு முத்திரையை ஏற்படுத்தினார்கள். வாசகர்களில் எத்தனை பேர் அந்தப் பானையைக் கடையில் பார்த்திருப்பார்கள்? பரிசோதனைக்கு உட்பட வேண்டிய பானையைக் கேட்பாரில்லை. யாரும் பரிசோதிக்காத இலை கடையெல்லாம் தழைத்து நிற்கிறது!

இப்போது சட்டம் கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட விதிகளின்படி, “பச்சை”, “இயற்கை”, “சுற்றுச்சூழலின் நண்பன்” முதலிய வார்த்தைகளைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் ஒரு வியாபாரி விளம்பரத்தில் போடக் கூடாது. எதைவிட மேல் என்று சொன்னால் அதற்குச் சரிபார்க்கக்கூடிய கணக்குக் காட்ட வேண்டும். பொய் விளம்பரத்திற்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமிருக்கிறது. ஆனால் சட்டம் தானாய் எழுந்து கடைத்தெருவுக்கு வராது. ஆகவே அடுத்த தடவை இலை போட்ட சட்டையைக் கடைக்காரர் எடுத்து விரித்தால், இது எந்த நூல், எங்கே சாயமேறிற்று, அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று, இந்த இலையைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். கடைப்பையன்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்; அவன் கூலிக்கு நிற்கிறவன். அட்டையையும் விளம்பரத்தையும் படம் பிடித்து, பில்லையும் வைத்துக்கொண்டு, 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். அதற்குக் காசில்லை.